கோதுமையும் பாலும் சேராத லெமன் கர்ட்: பதம் தவறாமல் கிளறும் முறை

லெமன் கர்ட் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு எலுமிச்சை பிழிந்த தயிர்தான் நினைவுக்கு வருகிறது. இந்தியாவில் ‘கர்ட்’ என்றால் தயிர் என்றே ஆகிவிட்டதால் வந்த குழப்பம் இது. இங்கிலாந்தில் ரொட்டியிலும் ஸ்கோனிலும் தடவிச் சாப்பிடும் இந்தப் பண்டத்தில் தயிர் ஒரு துளியும் கிடையாது. எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, முட்டை, வெண்ணெய் ஆகிய நான்கையும் மெல்லிய சூட்டில் விடாமல் கிளறினால் கிடைக்கும் மஞ்சள் நிறக் குழைவுதான் அது. அந்நாட்டின் வட பகுதியில் இதையே ‘லெமன் சீஸ்’ என்று சொல்வதும் உண்டு. அதில் சீஸும் கிடையாது.

பொருள்களைப் பார்த்தாலே ஒன்று விளங்கும். குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். மேற்சொன்ன நான்கில் எதிலும் அது இல்லை. ஆகவே வீட்டில் முறைப்படி கிளறும் லெமன் கர்ட் இயல்பாகவே குளூட்டன் அற்றது. மைதாவைக் கரைத்து ஊற்றி விரைவில் கெட்டியாக்கும் குறுக்குவழியில் போனால் மட்டுமே அது உள்ளே வரும். பால் பொருள் என்று பார்த்தால் வெண்ணெய் ஒன்றுதான். அந்த வெண்ணெயும் கர்டைக் கெட்டியாக்குவதில்லை. அந்த வேலையைச் செய்வது முட்டை. புளிப்பின் கூர்மையைத் தணித்து நாவில் வழவழப்பைத் தருவதும், குளிர்ந்த பின் உறைந்து கர்டைச் சற்று இறுகச் செய்வதுமே வெண்ணெயின் பங்கு. அவ்விரண்டையும் வேறொரு கொழுப்பு செய்துவிடும். எனவே வெண்ணெய்க்கு மாற்றுத் தேடுவதில் பெரிய சிரமம் இல்லை. சிரமமெல்லாம் பதத்தில்தான் இருக்கிறது. மைசூர்பாகு கிளறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஒரு நிமிடம் முந்தினால் இளகிக் கிடக்கும், ஒரு நிமிடம் பிந்தினால் கையை விட்டுப் போய்விடும்.

யாருக்காகப் பாலைத் தவிர்க்கிறோம் என்பதை அடுப்பைப் பற்ற வைக்கும் முன்பே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை செரிக்காதவர்கள் ஒரு வகை. பாலின் புரதங்களான கேசினும் மோர்ப் புரதமும் உடம்புக்கு ஒவ்வாதவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினருக்கு நெய் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை, ஏனெனில் காய்ச்சி வடிக்கும்போது லாக்டோஸ் ஏறக்குறைய முழுவதும் நீங்கிவிடுகிறது. இரண்டாம் வகையினருக்கோ நெய்யும் ஆகாது. கசடு நீக்கிய நெய்யிலும் புரதத்தின் எச்சம் தங்கியிருக்கக் கூடும். ‘வெண்ணெய்தானே கூடாது, நெய் ஊற்றினால் என்ன’ என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு கேட்கும் கேள்விக்கு இதுவே பதில்.

கடைப் பொருள்களின் உறைகளையும் படித்துவிட வேண்டும். மார்கரின் தாவர எண்ணெயில் செய்யப்படுவது என்றாலும் சிலவற்றில் பால் திடப்பொருள் சேர்க்கப்படுகிறது. தேங்காய்ப் பால் பொடியில் கூட, அது தண்ணீரில் சீராகக் கரைய வேண்டும் என்பதற்காகச் சோடியம் கேசினேட் கலப்பது வழக்கம். கேசினேட் என்றால் பால் புரதம்தான். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி பால், முட்டை, குளூட்டன் உள்ள தானியங்கள் ஆகியவை கலந்திருந்தால் அதை உறையில் தனியாகக் குறிப்பிட்டாக வேண்டும். ‘குளூட்டன் அற்றது’ என்று அச்சிடுவதற்குக் கிலோ ஒன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. குளூட்டன் எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்பதற்கு நம் அஞ்சறைப் பெட்டியிலேயே சான்று உண்டு: கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கிறது.

தேவையான பொருள்கள்

கீழ்க்காணும் அளவுக்கு ஏறக்குறைய 450 கிராம் கர்ட், அதாவது இரண்டு சிறிய கண்ணாடிப் புட்டிகள் நிறையக் கிடைக்கும்.

எலுமிச்சைச் சாறு – 120 மில்லி
எலுமிச்சைத் தோல் துருவல் – 1 மேசைக்கரண்டி
சர்க்கரை – 170 கிராம் (பெரிய லெமன் என்றால் 150 கிராம்)
முழு முட்டை – 2
மஞ்சள் கரு மட்டும் – 3
மணமற்ற சுத்திகரித்த தேங்காய் எண்ணெய் – 60 கிராம்
உப்பு – ஒரு சிட்டிகை

சாற்றைப் பழக் கணக்கில் சொல்லாமல் மில்லி கணக்கில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்துச் சமையல் குறிப்புகளில் வரும் லெமன் வேறு, நம் சந்தையின் நாட்டு எலுமிச்சை வேறு. லெமன் நூறு கிராமுக்கு மேல் எடையுள்ள, தடித்த தோல் கொண்ட பழம். ஒன்றைப் பிழிந்தால் 40 முதல் 50 மில்லி வரை சாறு வரும். புளியங்குடி போன்ற ஊர்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் நம் எலுமிச்சையோ சிறியது, தோல் மெல்லியது. ஒரு பழத்தில் 15 முதல் 20 மில்லி சாறுதான் தேறும், ஆனால் புளிப்பு அதனினும் கூடுதல். ‘மூன்று லெமன்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து மூன்று நாட்டு எலுமிச்சையைப் பிழிந்தவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது முட்டை மணக்கும் இனிப்புக் களிதான். நாட்டு எலுமிச்சையில் செய்வதென்றால் ஏழெட்டுப் பழங்கள் தேவைப்படும். நன்கு பழுத்து மஞ்சளானவற்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பச்சைக் காயின் தோலில் கசப்பு மிகுதி.

கொழுப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். வழக்கமான செய்முறையில் இந்த அளவுக்கு 75 கிராம் வெண்ணெய் போடுவார்கள். வெண்ணெயில் சுமார் 80 விழுக்காடுதான் கொழுப்பு, எஞ்சியதில் பெரும்பகுதி நீர். தேங்காய் எண்ணெயோ முழுவதும் கொழுப்பு. ஆகவே 75 கிராம் வெண்ணெய்க்கு ஈடாக 60 கிராம் எண்ணெயே போதும். அதே எடைக்கு ஊற்றினால் கர்ட் பிசுபிசுத்து, உதட்டில் எண்ணெய் ஒட்டும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையும் என்பதால் குளிரூட்டிய கர்டை வெண்ணெயைப் போலவே இறுக்கிப் பிடிக்கிறது. செக்கில் ஆட்டிய எண்ணெய் உடம்புக்கு நல்லதாக இருக்கலாம், ஆனால் அதன் மணம் எலுமிச்சையை அமுக்கிவிடும். தேங்காய் மணமும் சேர்ந்து வரட்டும் என்று விரும்புபவர்கள் மட்டும் அதைப் பயன்படுத்தலாம். ஆலிவ் எண்ணெயில் செய்த கர்ட் குளிர்ந்த பின்னும் சற்று இளக்கமாகவே இருக்கும், ஆனால் அதன் மெல்லிய காரமும் கசப்பும் எலுமிச்சையோடு நன்றாகப் பொருந்துகின்றன. என் விருப்பத்தைக் கேட்டால், ரொட்டியில் தடவத் தேங்காய் எண்ணெயும், கிண்ணத்தில் ஊற்றிப் பழத்துண்டுகளோடு உண்ண ஆலிவ் எண்ணெயும் என்பேன்.

பாத்திரம்

எலுமிச்சைச் சாற்றின் அமிலத் தன்மை கடுமையானது. அதன் பிஎச் அளவு 2 முதல் 2.6 வரைதான். அலுமினியப் பாத்திரத்திலும் ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களிலும் அதைச் சூடாக்கினால் உலோகம் கரைந்து கர்டில் இறங்கும். நான் முதன்முதலில் கிளறியபோது கைக்குக் கிடைத்த அலுமினியக் குண்டானில் வைத்துவிட்டேன். மஞ்சளாக வர வேண்டியது சாம்பல் பூத்து, நாணயத்தை நாவில் வைத்தது போன்ற சுவையோடு வந்தது. துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரமோ கண்ணாடிக் கிண்ணமோதான் சரி. அத்துடன் அக்கிண்ணம் வாய்க்கு மேல் உட்காரக்கூடிய ஒரு சிறிய பாத்திரம், ஒரு கம்பி விஸ்க், ஒரு சிலிக்கான் ஸ்பாட்டுலா, கண் நெருக்கமான வடிகட்டி, நுண்ணிய துருவி ஆகியவை வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இல்லாவிட்டாலும் கண்ணும் கரண்டியும் போதும்.

கிளறும் முறை

முதல் படி, தோல் துருவல். பழங்களை வெந்நீரில் தேய்த்துக் கழுவித் துடைக்க வேண்டும். வெளிநாட்டு லெமன்களில் மெழுகுப் பூச்சு இருக்கும் என்பதால் அவற்றைச் சற்று அழுத்தித் தேய்க்கலாம். பிழிவதற்கு முன்பே துருவிவிட வேண்டும், பிழிந்த மூடியைத் துருவ முடியாது. மஞ்சள் பகுதிதான் வேண்டும், அதன் கீழிருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும். நாட்டு எலுமிச்சையின் தோல் மெல்லியது என்பதால் துருவியின் மேல் ஒரே இடத்தில் இரண்டு முறை இழுத்தாலே வெள்ளை வந்துவிடும். பழத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். துருவலைச் சர்க்கரையில் போட்டு விரல் நுனிகளால் கசக்கினால், சர்க்கரை ஈர மணலைப் போல் மாறி லேசாக மஞ்சள் பூக்கும். தோலின் எண்ணெய் முழுவதும் சர்க்கரைக்கு வந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. கர்டின் மணம் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. சாறு தருவது புளிப்பை மட்டுமே.

இரண்டாம் படி, சாறு பிழிந்து விதை நீக்கி அளந்துகொள்வது. கடைசிச் சொட்டு வரை நசுக்கிப் பிழிய வேண்டாம், கசப்பு இறங்கும்.

மூன்றாம் படியில் முட்டைகளையும் மஞ்சள் கருக்களையும் கிண்ணத்தில் விட்டு, முதலில் அவற்றை மட்டும் நன்றாக அடித்து, பிறகு சர்க்கரையையும் உப்பையும் சேர்த்து உடனே கலக்க வேண்டும். மஞ்சள் கருவின் மேல் சர்க்கரையைக் கொட்டிவிட்டுத் தொலைபேசியை எடுக்கப் போனால், சர்க்கரை கருவின் ஈரத்தை உறிஞ்சிச் சிறு கட்டிகளாக்கிவிடும். அவை பிறகு கரையவே கரையா. வெள்ளைக் கருவின் வெண்மையான இழைகள் தெரியாத அளவுக்குக் கலந்த பின் சாற்றை ஊற்றிக் கலக்கலாம். நுரை பொங்க அடிக்கத் தேவையில்லை.

நான்காம் படிதான் உயிர்நிலை. கீழ்ப் பாத்திரத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கொதி வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து, கிண்ணத்தை அதன் மேல் உட்கார வைக்க வேண்டும். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது, ஆவி மட்டுமே படவேண்டும். அதன் பிறகு கை ஓயக் கூடாது. விஸ்க்கால் ஓரங்களையும் அடியையும் வழித்துக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் நான்கைந்து நிமிடங்களுக்கு ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். மேலே நுரை மிதக்கும், கீழே தண்ணீராக ஆடும். இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழந்து அடுப்பைக் கூட்டுகிறார்கள். கூட்டக் கூடாது. சிறிது நேரத்தில் நுரைக் குமிழ்கள் சிறுத்து, பிறகு அடங்கும்; மெல்லிய ஆவி எழும்; விஸ்க் சென்ற தடம் ஒரு கணம் நின்று மறையும். இப்போது ஸ்பாட்டுலாவுக்கு மாறிக்கொள்ளலாம். மொத்தத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆகும்.

பதம் எப்போது? ஒரு கரண்டியை முக்கி எடுத்து, அதன் பின்புறத்தில் படிந்த கர்டின் நடுவே விரலால் ஒரு கோடு இழுத்துக் கரண்டியைச் சாய்த்தால், மேலிருந்து வழிந்து வந்து கோட்டை மூடக் கூடாது. வெப்பமானியில் அது 76 முதல் 78 டிகிரி. முட்டையின் மஞ்சள் கரு தனியாக இருந்தால் 65 டிகிரிக்கு மேலேயே கெட்டியாகத் தொடங்கும். இங்கே சர்க்கரையும் சாற்றின் நீரும் கலந்திருப்பதால் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளக் கூடுதல் சூடு தேவைப்படுகிறது. 71 டிகிரியைத் தாண்டிவிட்டாலே சால்மோனெல்லா கிருமி பற்றிய கவலை நீங்கிவிடும் என்பதால், 77 டிகிரி தொட்ட கர்டில் பச்சை முட்டை உண்கிறோமோ என்ற ஐயம் வேண்டாம். ஆனால் 80ஐத் தாண்டிப் போகப் போகப் புரதம் இறுகி, திப்பி திப்பியாகத் திரியத் தொடங்கும். கொதி வரவே கூடாது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் கிண்ணத்தின் சூடு சிறிது நேரம் வேலை செய்யும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அது கெட்டியாகத் தோன்றும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். சூடாக இருக்கும்போது கர்ட், தோசை மாவைவிடச் சற்று இளகலாகத்தான் இருக்கும். ஆறிய பின்தான் இறுகும்.

ஐந்தாம் படியாக, உடனே வேறொரு கிண்ணத்தில் வடிகட்டிவிட வேண்டும். வடிகட்டியில் தோல் துருவலோடு வெந்துபோன வெள்ளைக் கருவின் இழைகளும் தங்கும். முட்டை வாடை பிடிக்காதவர்களுக்கு இந்த ஒரு வேலை மிகவும் உதவும், ஏனெனில் அந்த வாடை பெரும்பாலும் அதிகம் வெந்த வெள்ளைக் கருவிலிருந்தே வருகிறது. முழு முட்டையைக் குறைத்து மஞ்சள் கருவைக் கூட்டியதும் இதற்காகத்தான்.

ஆறாம் படி, எண்ணெய் சேர்ப்பது. கர்ட் விரல் பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 50 டிகிரி அளவுக்கு இறங்கிய பின், எண்ணெயை ஒவ்வொரு கரண்டியாக விட்டு, ஒன்று மறைந்த பின் அடுத்தது என்ற முறையில் விஸ்க்கால் அடிக்க வேண்டும். எண்ணெய் உறைந்திருந்தால் உருக்கிக்கொள்ளலாம். கைக் கலப்பான் இருந்தால் இன்னும் நல்லது. மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின் என்ற பொருள் எண்ணெயையும் நீரையும் பிரிய விடாமல் பிணைத்து வைக்கும், ஆனால் எண்ணெய் நுண்துளிகளாக உடைந்தால்தான் அதனால் பிணைக்க முடியும். அவசரத்தில் ஒருமுறை நான் எண்ணெய் முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டிக் கரண்டியால் கலக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் திறந்தால், மார்கழி மாதத்து எண்ணெய்ப் புட்டியைப் போல மேலே வெள்ளைத் தட்டு ஒன்று உறைந்து நின்றது. கரண்டி பட்டதும் ஓடாக உடைந்தது. அதை வீணாக்க வேண்டியிருக்கவில்லை: வெந்நீரின் மேல் வைத்து இளக்கிக் கலப்பானால் அடித்ததும் சேர்ந்துகொண்டது.

கடைசியாக, வெந்நீரில் கொதிக்க வைத்து ஈரமில்லாமல் உலர்த்திய கண்ணாடிப் புட்டிகளில் நிரப்பி, ஆடை படியாதிருக்க மேற்பரப்பை ஒட்டியே ஒரு மெல்லிய தாளை விரித்து, ஆறியதும் குளிரில் வைக்க வேண்டும். நான்கு மணி நேரத்தில் தடவும் பதத்துக்கு வந்துவிடும்.

தவறினால்

திப்பிகள் சில மட்டும் தெரிந்தால் உடனே பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் இறக்கி, கலப்பானால் அடித்து வடிகட்டினால் போதும். முழுவதும் திரிந்து முட்டைப் பொரியலைப் போல் ஆகிவிட்டால், எத்தனை அடித்தாலும் வாடை போகாது; மறுபடியும் தொடங்குவதே மேல். மறுநாளும் கர்ட் ஓடுகிறது என்றால் பதம் வரும் முன்பே இறக்கிவிட்டோம் என்று பொருள். மீண்டும் ஆவியில் வைத்து 77 டிகிரி வரை கொண்டுவரலாம், எண்ணெய் கலந்தபின் செய்வதால் இன்னும் மெதுவாகச் செய்ய வேண்டும். ஓடுகிறதே என்று கார்ன்ஃப்ளோரைக் கரைத்து ஊற்ற வேண்டாம். மஞ்சள் கருவில் மாவுப் பொருளைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. கொதி வராத கர்டில் அது அழிவதில்லை, எனவே இன்று கெட்டியாகத் தெரிவது நாளை மறுபடி நீர்த்துப் போகலாம்.

முட்டையும் ஆகாதவர்களுக்கு

முட்டையில்லாமல் செய்வது லெமன் கர்ட் அல்ல, அதன் தம்பி என்று வேண்டுமானால் சொல்லலாம். சுவையாக இருக்கும், ஆனால் அந்தப் பட்டு போன்ற வழவழப்பு வராது. 200 மில்லி முதல் தேங்காய்ப் பால், 50 மில்லி தண்ணீர், 130 கிராம் சர்க்கரை, 30 கிராம் கார்ன்ஃப்ளோர், ஒரு சிட்டிகை உப்பு, நிறத்துக்குத் துளி மஞ்சள் தூள் ஆகியவற்றைக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக் கொதி வந்த பின் மேலும் ஒரு நிமிடம் வேகவிட்டு இறக்க வேண்டும். சாறு 100 மில்லியையும் தோல் துருவலையும் இறக்கிய பிறகே சேர்க்க வேண்டும், ஏனெனில் அமிலத்தோடு சேர்த்து வேகும் மாவு உடைந்து நீர்த்துவிடும். கடையில் வெறுமனே ‘சோள மாவு’ என்று கேட்டால் வெள்ளைச் சோள மாவையோ மஞ்சள் மக்காச்சோள மாவையோ எடுத்துத் தரக் கூடும். வேண்டியது விரலிடையில் தேய்த்தால் நறநறக்கும் தூய வெள்ளைக் கார்ன்ஃப்ளோர். தளர்வாக விற்பதை வாங்காமல் உறையிட்டதை வாங்கினால், பக்கத்துச் சாக்கின் மைதா கலந்திருக்கும் அச்சமும் இல்லை.

வைத்துப் பயன்படுத்துவது

எலுமிச்சையும் சர்க்கரையும் இருக்கிறதே என்று ஊறுகாய் ஜாடியைப் போல அலமாரியில் வைத்துவிடக் கூடாது. இது முட்டைப் பண்டம். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம்தான் கணக்கு. உறைபெட்டியில் இரண்டு மாதம் வரை வைக்கலாம். சர்க்கரை மிகுதி என்பதால் கல்லாக இறுகாது, முதல் நாள் இரவு கீழ்த்தட்டுக்கு மாற்றினால் காலையில் இளகியிருக்கும்.

மீந்த மூன்று வெள்ளைக் கருக்களை 180 கிராம் பொடித்த சர்க்கரையோடு முகடு நிற்கும் வரை அடித்து, 100 டிகிரி ஓவனில் ஒன்றரை மணி நேரம் உலர்த்தினால் மெரிங்க் கிடைக்கும். அதிலும் கோதுமையோ பாலோ இல்லை. அதன் வறட்டு இனிப்புக்கு இந்தப் புளிப்பைவிட நல்ல துணை இல்லை. டார்ட் செய்ய விரும்புபவர்கள் 150 கிராம் பாதாம் மாவு, 40 கிராம் சர்க்கரை, 40 கிராம் தேங்காய் எண்ணெய் ஆகியவற்றைப் பிசைந்து தட்டில் அழுத்தி, 175 டிகிரியில் ஓரங்கள் பொன்னிறமாகும் வரை, சுமார் 15 நிமிடம் சுட்டு ஆறவிட்டுக் கர்டை நிரப்பலாம். சூடான ஆப்பத்தின் நடுக்குழியில் ஒரு கரண்டி விட்டுச் சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம்; ஆங்கிலேயர் யாரும் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

சீலியாக் நோயுள்ளவர், அதாவது குளூட்டன் உண்டால் சிறுகுடல் பாதிக்கப்படுபவர், வீட்டில் இருந்தால் புட்டிகளை நிரப்பும்போதே ஒன்றை அவருக்கென ஒதுக்கிப் பெயரெழுதி வைத்துவிட வேண்டும். கோதுமை ரொட்டியில் தடவிய கத்தி மறுபடியும் புட்டிக்குள் போனால், அதில் ஒட்டியிருக்கும் நான்கு துகள்களே அவருக்குப் போதுமான தீங்கு. பொதுப் புட்டிக்கும் ஒரு கரண்டியைத் தனியாகப் போட்டு, அதனால் எடுத்துத் தட்டில் வைத்த பிறகே கத்தியால் தடவ வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு.